ஞாயிற்றுக்கிழமை டிரைவர்

முனீரின் சட்டையில் முதல் இரண்டு பட்டன்களும் மரியாதையாக விழுந்துவிட்டன. மூன்றாவதுதான் தகராறு செய்தது. மணியம் வயிற்றை எக்கினான், மூச்சை உள்ளே இழுத்தான், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தான். பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம் அப்படியே இருந்தது.

“மூச்சு விடாம எவ்வளோ நேரம்டா நிப்ப?” என்று கேட்டார் முனீர். மணியத்தின் சாம்பல் படிந்த நீலச் சட்டை அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

“பிள்ள போற வரைக்கும், முனீர் நானா.”

பாலோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய செம்பனை எண்ணெய்த் தோட்டத்து ரயிலைச் சுற்றுப்பயணிகளுக்காகத் தூசு தட்டி ஓட விட்டிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தண்டவாளம், மூன்று பெட்டிகள், பச்சைச் சாயம் பூசிய ஒரு நீராவி எஞ்சின். ஞாயிறுதோறும் ஓட்டம். எஞ்சினை ஓட்டுபவர் முனீர். செம்பனைக் கொட்டையின் காய்ந்த ஓடுகளை அடுப்பில் அள்ளிப் போட்டு நீராவி ஏற்றுபவன் மணியம். ஓட்டம் முடிந்ததும் சாம்பலை வாரிக் கொட்டுபவனும் அவன்தான்.

இது அவன் மகள் பிரவீனாவுக்குத் தெரியாது. போன வருடம் போனில் அவள், “அப்பா, ரயில்ல உங்களுக்கு என்ன வேல?” என்று கேட்டபோது மணியத்தின் வாய் அவனைக் கேட்காமலேயே, “டிரைவர்மா” என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு சொல். அவள் அதை வைத்துத் தமிழ்ப்பள்ளியில் ‘என் தந்தை’ என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதினாள். தலைமையாசிரியர் அதைச் சபைகூடலில் வாசிக்கச் சொன்னார். பள்ளி முழுக்கக் கைதட்டிய பிறகு ஒரு பொய்யை எப்படித் திரும்ப வாங்குவதென்று மணியத்திற்குத் தெரியவில்லை.

வரும் வியாழக்கிழமை பிரவீனா ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள். மணியத்தைப் பிரிந்து போன மனைவி வாசுகி மறுமணம் செய்துகொண்ட செல்வாவுக்கு பெர்த் நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. செல்வா செனாய் விமான நிலையத்தில் விமானங்களைப் பழுது பார்ப்பவர். குடிக்க மாட்டார், கத்த மாட்டார், பிரவீனாவைத் தன் பிள்ளையாகவே வைத்திருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அவரிடம் மணியம் கண்ட பெரிய குறை.

அந்தச் செல்வாதான் இன்றைய நாளைப் பதிவு செய்திருந்தார். பிள்ளைகள் எஞ்சின் கொட்டகைக்குள்ளேயே போய், அடுப்பு, சாம்பல் குழி, பட்டறை எல்லாம் பார்த்துவிட்டு, எஞ்சினிலேயே ஏறிப் போகிற ஏற்பாடு. ‘போறதுக்கு முன்னால உங்க வேலைய பாக்கணும்னு ஆசைப்படுறாண்ணே’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்.

மணியம் அதை நாற்பது தடவை படித்தான். இனி அவளை எப்போது பார்ப்பானோ. ஒன்பது வயதில் கடைசியாகப் பார்த்த அப்பாதான் அவள் மனதில் தங்கப் போகிற அப்பா. சாம்பல் வாருகிற ஆளை அவள் அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டாம். ஒரே ஒரு நாள், அவள் முன்னால் டிரைவராக இருந்துவிட்டால் போதும்.

“கேட்டுக்க,” என்றார் முனீர். “நிக்கிறது நீ, ஓட்டுறது நான். நான் ஒருக்கா இருமுனா கைப்பிடியத் தொற. ரெண்டு வாட்டி இருமுனா மூடு. நீயா எதையும் செஞ்சிடாத.”

“மேனேஜர் வந்துட்டா?”

“யுகேந்திரன் கோத்தா திங்கில கல்யாணத்துக்குப் போயிருக்காரு. சாயந்திரம்தான் வருவாரு.”

பட்டனுக்கு வழி சொன்னவள் பேச்சியம்மாள். நிலையத்தின் கழிவறையைப் பார்த்துக்கொள்பவள். தன் ரவிக்கையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி மணியத்தின் வயிற்றுக்கு மேல் சட்டையில் குத்தினாள்.

“குனியாத தம்பி. குனிஞ்சா குத்தும்.”

“அக்கா, இன்னிக்கு நான் டிரைவர். யாரு கேட்டாலும் அப்படித்தான்.”

“எனக்கு என்னா? யாரு ஓட்டுனாலும் இங்கதான வந்தாகணும்” என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கார் வந்து நின்றது. பிரவீனா முதுகில் ஒரு பையோடு இறங்கி ஓடி வந்தாள். மணியம் குனிந்து அணைத்துக்கொள்ளப் போனான். ஊக்கு குத்தியது. பாதியில் நிமிர்ந்து, ஏதோ வரவேற்பு விழாவில் பிரமுகரைப் பார்ப்பதைப் போல அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

“டாடி, இதான் எங்கப்பா!” என்றாள் அவள், செல்வா அவனைப் பார்த்ததே இல்லை என்பதுபோல.

டாடி ஒருவர், அப்பா ஒருவர். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரையும் அவள் எவ்வளவு சுலபமாக வைத்துவிட்டாள் என்று மணியம் நினைத்தான்.

“இணையத்துல இந்த இடத்தப் பத்தி ஒண்ணு விடாம படிச்சிட்டாண்ணே,” என்றார் செல்வா. “இங்க வேல செய்யுறவங்க படம்லாம் பாத்து வச்சிருக்கா.”

“அப்படியா?” என்றான் மணியம். அந்தப் பக்கத்தை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

கொட்டகைக்குள் முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. அடுப்பு எப்படி எரிகிறது, தண்ணீர் எங்கே கொதிக்கிறது, நீராவி அழுத்தம் காட்டும் முள் எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் மணியம் சொன்னான். இவை அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். பிரவீனா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். சாம்பல் குழியை எட்டிப் பார்த்து, “இத யாருப்பா அள்ளுவா?” என்று கேட்டாள்.

“அதுக்கு ஆளு இருக்கும்மா,” என்று சொல்லி மணியம் முனீரைக் கை காட்டினான். முனீர் நெஞ்சை நிமிர்த்திச் சாம்பலைப் பார்த்தார். அவர் அந்தக் குழியின் பக்கம் போயே நான்கு வருடம் இருக்கும்.

தொல்லை செல்வாவின் உருவத்தில் வந்தது. மனிதர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

“எங்க லைன்ல லைசென்ஸ் எடுக்குறதுக்குள்ள உயிரு போயிரும்ணே. உங்களுக்கு டிரைவர் லைசென்ஸ் யாரு குடுக்குறா?”

“அது… மேல இருந்து குடுப்பாங்க.”

“பாக்கலாமா?”

அப்போதுதான் மணியத்திற்கு ஞாபகம் வந்தது. செல்வாவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் லைசென்ஸ் கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. முனீரின் பெயரோடும், தொப்பி வைத்த முனீரின் படத்தோடும். மணியம் பக்கவாட்டில் நகர்ந்து அதை முதுகால் மறைத்தான்.

“அங்க என்னண்ணே மாட்டியிருக்கு?”

“கேலண்டர்.”

“கேலண்டருக்குக் கண்ணாடியா?”

“பழைய கேலண்டர்.”

செல்வா தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்க முயன்றார். மணியமும் அதே பக்கம் சாய்ந்தான். அந்த நேரம் பார்த்துப் பிரவீனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, டாய்லெட்.”

“இப்பவா?”

“இப்பவே.”

மணியம் முனீருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனான். அவள் பையைப் பிடித்துக்கொண்டு கழிவறை வாசலில் நின்றான். பத்து நிமிடம் ஆனது. நடுவில் பேச்சியம்மாள் மட்டும் தலையை நீட்டிக் கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது லைசென்ஸ் கண்ணில் படவில்லை. அந்தச் சுவரே கண்ணில் படவில்லை. செல்வா எஞ்சினின் மறுபக்கம் போன சமயத்தில், ஆணியிலிருந்து அதைக் கழற்ற வராததால், முனீர் ஒரு பெரிய கன்வாஸை மேலேயிருந்து கீழே வரை தொங்க விட்டிருந்தார்.

“கன்வாஸ் எங்கேருந்து எடுத்தீங்க?” என்று மணியம் மெல்லக் கேட்டான்.

“வெளிய குமிச்சிருந்த ஓட்டு மேல கெடந்துச்சு.”

 காய்ந்த கொட்டை ஓட்டை மழையில் நனையாமல் காப்பாற்ற அவன் போர்த்தி வைத்திருந்த கன்வாஸ் அது. வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவன் தலையில் கை வைத்தான். ஆனால் டிரைவர் ஓட்டைப் பற்றிக் கவலைப்படக்கூடாது அல்லவா. வாயை மூடிக்கொண்டான்.

பயணிகள் பெட்டிகளில் ஏறத் தொடங்கினார்கள். மணியம் பிரவீனாவுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தான். அவள் எஞ்சினின் படியில் உட்கார்ந்து ஒரு சோற்றுப் பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவள் தலையில் கை வைக்கலாமா என்று யோசித்து, கையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

“மணியம்!”

யுகேந்திரன் பட்டு வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கால் முழுக்கச் சேறு. கோத்தா திங்கியில் ஆறு ஏறிச் சாலையை மூடிவிட்டதாம். கல்யாணத்தைப் பார்க்காத கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

“நீ ஏன் இந்தச் சட்டைல நிக்கிற? முனீர் ஏன் மண்வாரியும் கையுமா இருக்காரு? இங்க என்ன நடக்குது?”

செல்வா திரும்பிப் பார்த்தார். முனீர் மண்வாரியைப் பார்த்தார். மணியம் வாயைத் திறந்தான். 

“அப்பா, டாய்லெட்!”

“இப்பதானம்மா போன?”

“மறுபடியும் வருதுப்பா.”

இரண்டாவது முறையும் பத்து நிமிடம். பையைப் பிடித்துக்கொண்டு கழிவறை வாசலில் நின்றபடி மணியம் போனில் நேரத்தைப் பார்த்தான். ஒரு வருடத்தில் மகளோடு அவனுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். அதில் இருபது நிமிடத்தை ஒரு மூடிய கதவின் முன்னால் நின்று கழித்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் மறுபடி எட்டிப் பார்த்தாள். அவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

திரும்பியபோது யுகேந்திரன் முகம் கல்லாக இருந்தது. செல்வாவின் காதில் விழாமல் முனீர் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார் என்பது தெரிந்தது. யுகேந்திரன் மணியத்தைப் பார்த்தார், பிறகு பிரவீனாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடக மேடையில் முதல் தடவை ஏறியவரைப் போல உரக்கச் சொன்னார்.

“டிரைவர், நேரமாச்சு. எடுங்க.” பிறகு காதருகே குனிந்து, “கைப்பிடில முனீர் கை இருக்கணும். நாளைக்கு ஆபீசுக்கு வா,” என்றார்.

எல்லோரும் எஞ்சினில் ஏறினார்கள். மணியம், முனீர், பிரவீனா, செல்வா. நான்கு பேருக்கு அந்த இடம் போதாது. மணியம் கைப்பிடியின் முன்னால் நின்றான். ஆறு வருடமாக அதற்கு இரண்டடி தள்ளி நின்றவன், இன்றுதான் அதைத் தொட்டான்.

முனீர் ஒருமுறை இருமினார். மணியம் திறந்தான். எஞ்சின் பெருமூச்சு விட்டு நகர்ந்தது. பிரவீனா கைதட்டினாள். அந்த நொடியில் மணியத்திற்குக் கண் கலங்கியது. சட்டை இறுக்கமும் மறந்துபோனது.

அதற்குள் முனீர் நனைந்த ஓட்டை அள்ளி அடுப்பில் போட்டார். கறுத்த புகை வாய் பிளந்துகொண்டு வெளியே வந்தது. முனீருக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது.

ஒரு இருமல். மணியம் திறந்தான். இரண்டு இருமல். மூடினான். மூன்று, நான்கு, ஐந்து. மணியம் திறந்து, மூடி, திறந்து, மூடி, திறந்தான். எஞ்சின் ஒரு தாவு தாவி நின்று, மறுபடி தாவியது. பின்னால் பெட்டியிலிருந்து, “அலமாக்! என் தே தண்ணி எல்லாம் ஊத்திருச்சு!” என்று ஒரு குரல் கேட்டது.

“பாவம், பெரியவருக்கு இருமல் ரொம்ப இருக்கே,” என்றார் செல்வா. பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்துப் பிரித்து முனீரின் வாயிலேயே போட்டுவிட்டார்.

அதோடு இருமல் நின்றுபோனது. சமிக்ஞையும் நின்றுபோனது. முனீர் மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணால் ஜாடை காட்டினார், புருவத்தைத் தூக்கினார், கடைசியில் மணியத்தின் கால் மேல் மிதித்தார். ஒரு மிதி திற, இரண்டு மிதி மூடு. அப்படியே ஒரு கிலோமீட்டர் போனார்கள்.

அந்த வளைவில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு முனியாண்டி இருக்கிறார். தோட்டத்து ரயில் ஓடிய நாளிலிருந்து அவருக்கு மூன்று ஊதல் கொடுக்காமல் எந்த டிரைவரும் அந்த இடத்தைக் கடந்ததில்லை. முனீரும் தவறியதில்லை. ‘கும்பிடறதில்ல, ஆனா வழியில நிக்கிற பெரியவருக்கு ஹார்ன் அடிக்கிறது மரியாததான’ என்பார்.

ஊதுவதற்கும் நீராவிதான் வேண்டும். அதனால் வளைவுக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே அடுப்பின் நான்கு மூலைக்கும் நான்கு மண்வாரி ஓட்டைக் கூடுதலாகப் போட்டு முள்ளை ஏற்றி வைப்பது மணியத்தின் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் கவனித்ததுமில்லை. முனீர் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் நீராவி இருந்தது. அது எப்படி இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை.

“அப்பா, ஊதுங்கப்பா!”

மணியம் கயிற்றை இழுத்தான். ஒன்று. இரண்டு. பிரவீனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல் எல்லாம் தெரிய, கண் மூடிக்கொண்டு, மூன்று வயதில் சிரித்தது போலவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கக்கூடாதென்று மணியம் மூன்றாவது ஊதலை விடவே இல்லை. அது தோட்டம் முழுக்கக் கேட்டது. பிறகு மெலிந்தது. பிறகு முனகியது.

“அண்ணே,” என்றார் செல்வா. “முள்ளு எறங்குது.”

எஞ்சின் மேட்டில் பாதி ஏறி, யோசித்து, நின்றுவிட்டது.

தூறல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் முப்பத்தாறு பயணிகள் தலையை நீட்டினார்கள். முனீர் அடுப்பைத் திறந்து பார்த்து, மூடி, மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுப்பின் நடுவில் ஈர ஓடு மலையாகக் குவிந்து, ஓரத்தில் நெருப்பு செத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் மணியத்திற்குக் கை அரித்தது.

அரை நிமிடம் அவன் டிரைவராகவே நின்றான். பிறகு பிரவீனாவின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிப்பு போயிருந்தது. டிரைவரின் எஞ்சின் நடுவழியில் நின்றுபோனது என்றுதான் அவள் பெர்த்தில் போய்ச் சொல்வாள்.

“டிரைவர்னா எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும்மா,” என்று சொல்லிவிட்டு மண்வாரியை முனீர் கையிலிருந்து வாங்கினான்.

குனிந்தான். ஊக்கு குத்தியது. அதைப் பிடுங்கி எறிந்தான். குவிந்து கிடந்ததைக் கம்பியால் கலைத்தான். செத்ததை வெளியே இழுத்தான். உட்காரும் பலகைக்கு அடியில், என்றைக்காவது உதவும் என்று அவனே வைத்திருந்த காய்ந்த ஓட்டு மூட்டையை இழுத்துப் பிரித்தான். மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி இடது மூலைக்கு, வலது மூலைக்கு, பின்னால், முன்னால் என்று மெல்லிசாக விசிறினான். இரண்டாவது பட்டன் தெறித்து எங்கோ விழுந்தது. முகமெல்லாம் கரி. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவன் எதையும் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் நெருப்பு வெள்ளையாகச் சிரித்தது. பத்து நிமிடத்தில் முள் ஏறியது.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க,” என்று செல்வா குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இந்த பயர்மேன மாத்திடுங்க. அவரு வேலையும் நீங்களே பாக்குறீங்க.”

முனீர் மிட்டாயை விழுங்கிவிட்டார்.

பிரவீனா குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினாள்.

“எவ்ளோ அழகா போடுறீங்கப்பா,” என்றாள்.

மணியம் போத்தலை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். இன்று காலையிலிருந்து அவள் பார்த்ததில் இது ஒன்றுதான் நிஜம். அதை அவளிடம் சொல்ல முடியாது. அவன் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தான், கரி இன்னும் பரவியது.

நிலையத்துக்குத் திரும்பியதும் செல்வா போனை எடுத்தார்.

“கடைசியா ஒரு சின்ன வீடியோண்ணே. புது ஸ்கூல்ல காட்டலாம். உங்க பேரு, எத்தன வருஷமா எஞ்சின் ஓட்டுறீங்க, அவ்ளோதான். பேசுங்க.”

மணியம் எஞ்சினின் முன்னால் நின்றான். இன்று இதுவரை சட்டைதான் பொய் சொன்னது. இப்போது வாய் சொல்ல வேண்டும். அவளுடைய புது வகுப்பில், தெரியாத பிள்ளைகள் முன்னால், அது திரும்பத் திரும்ப ஓடும். பொய்யைச் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

“என் பேரு மணியம். நான் இங்க…”

செல்வா தலையாட்டி உற்சாகப்படுத்தினார்.

“நான் இங்க வந்து…”

“அப்பா! டாய்லெட்! அர்ஜண்ட்!”

மூன்றாவது முறை அவள் அவன் கையை இழுத்துக்கொண்டு ஓடினாள். இந்த முறை பையோடு வாசலில் நின்ற மணியத்திற்கு வேறு பயம் பிடித்தது. மூன்று மணி நேரத்தில் மூன்று தடவை. பிள்ளைக்கு வயிறு கெட்டுவிட்டது. கெடுத்தது யார்? அவன் வாங்கிக் கொடுத்த நாசி லெமாக். ஒரு வருடத்துக்கு ஒரு தடவை வாங்கிக் கொடுத்ததும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அவள் விமானம் ஏற வேண்டும்.

அவள் வெளியே வந்தபோது செல்வா காரின் பக்கம் போய் வாசுகியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மழை வலுத்தது. வீடியோவை எல்லோரும் மறந்துபோனார்கள்.

“செல்வா, இவளுக்கு வயிறு சரியில்ல போல,” என்றான் மணியம். “உப்பும் சக்கரையும் கரைச்சுக் குடுங்க. ராத்திரிக்குக் கஞ்சி மட்டும். நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க. பிளேன்ல கஷ்டப்படும்.”

“நான் பாத்துக்குறேண்ணே,” என்றார் செல்வா. மணியத்தின் கரிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். “வருஷத்துக்கு ஒருக்காவது கூட்டிட்டு வர்றேன். சத்தியமா.”

அவர் கூட்டி வருவார் என்று மணியத்திற்குத் தெரியும். அதுவும் வலித்தது.

பிரவீனா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய மஞ்சள் சட்டை முழுக்கக் கரி. மணியத்தால் இப்போது குனிய முடிந்தது. குனிந்து அவள் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டான்.

“அப்பா, அடுத்த ஞாயிறும் ஓட்டுவீங்களா?”

“ஓட்டுவேம்மா.”

“முனியாண்டிக்கு எனக்கும் சேத்து ஒரு தடவ ஊதுங்க.”

“சரிம்மா.”

கார் செம்பனை மரங்களுக்கு நடுவே போய் மறைந்தது. அவள் பின் கண்ணாடியில் கையை ஆட்டிக்கொண்டே போனாள். மணியம் கை ஆட்டினான், அது மறைந்த பிறகும் ஆட்டினான்.

யுகேந்திரன் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். 

“ஒரு மாசத்துக்கு எஞ்சின் பக்கம் வராத, மணியம். நான் வேற என்ன செய்ய முடியும்? ஜனங்க உக்காந்திருந்தாங்க.”

“சரி சார்.”

“பிள்ளைக்கு உன் சாடைதான்.”

அவர் போனதும் மணியம் முனீரின் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். சாம்பல் குழியில் இறங்கி, இன்றைய சாம்பலை அவனே வாரிக் கொட்டினான். ஆனாலும் மனம் அதில் நிற்கவில்லை. செல்வாவுக்குப் போன் செய்யலாமா, இப்போதே ஏதாவது கிளினிக்கில் நிறுத்தச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தான். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கழிவறைப் பக்கம் போனான்.

பேச்சியம்மாள் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பாப்பா மூணு தடவ வந்துச்சே. ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா? வயித்தால போகுதா?”

பேச்சியம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“வயிறா? வயித்துக்கு ஒண்ணும் இல்ல தம்பி. மூணு வாட்டியும் அந்தப் புள்ள இந்தச் செவுத்தோரம் சும்மாதான் நின்னுச்சு. ‘எங்கப்பா டிரைவர் இல்லன்னு டாடி கண்டுபிடிச்சிருவாங்க ஆண்ட்டி, டாடி அந்தப் பக்கம் போயிட்டாங்களான்னு பாத்துச் சொல்லுங்க’ன்னு, என்னையத்தான் எட்டி எட்டிப் பாக்கச் சொல்லுச்சு.”